ஸார், ஸ்டாண்டு!

முன்பின் தெரியாத ஆள் மீது தமிழன் பாசத்தைக் கொட்டுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். நடுரோடு! நீங்கள் பாட்டுக்கு பைக்கில் போய்க்கொண்டிருப்பீர்கள். எதிரே வருகிற ஆட்டோக்காரர், பஸ் ஜன்னலோரப் பாட்டி, பின்னாலேயே துரத்தி வருகிற காலேஜ் பையன் என்று ஆளாளுக்கு, "ஸார், ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்பார்கள். குனிந்து பார்த்தால் சைடு ஸ்டாண்டு நீட்டிக்கொண்டிருக்கும். நன்றி சொல்ல நிமிர்வதற்குள் அவர் சிக்னலைத் தாண்டியிருப்பார். பலன் கருதாத சேவை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு இந்தச் சேவைக்கும் மவுசு குறைந்துவிட்டது. ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் தானாகவே அணைந்துவிடுகிற ஏற்பாடு பல மாடல்களில் வந்துவிட்டது.

ஒன்று கவனித்தீர்களா? இத்தனை பேரும் கவலைப்படுவது ஓடுகிற வண்டிக்காக. நிற்கிற வண்டியைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை. விழுவதென்னவோ அதுதான்!

எங்கள் தெரு முனை மெக்கானிக் அண்ணனிடம் ஒருநாள் பேச்சு கொடுத்தேன். வரிசையாக நாலைந்து வண்டிகள், எல்லாவற்றுக்கும் கிளட்ச் லீவரோ கண்ணாடியோ காலி. "எல்லாம் ஆக்ஸிடென்டாண்ணே?" என்றேன். ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஆக்ஸிடென்டாவது ஒண்ணாவது. அது வாசல்ல விழுந்தது, இது பெட்ரோல் பங்க்ல விழுந்தது, அந்தா இருக்கே அது நின்னுக்கிட்டே விழுந்தது. ஓடுற வண்டி லேசுல விழாது தம்பி. நிக்கிற வண்டிக்குத்தான் மயக்கம் வரும்."

யோசித்துப் பார்த்தால் வாஸ்தவம். சைக்கிள் கற்றுக்கொண்ட அன்றே நமக்கு இது தெரியும். வேகம் இருக்கிறவரை வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். வேகம் செத்தவுடன் அத்தனை எடையும் நம் தலையில். தப்பு, காலில்.

நான் மெக்கானிக் இல்லை. படித்தது பி.காம். ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. இந்த 195-ஐ எடுத்துக்கொள்வோம். எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், நீங்கள் பிடித்திருக்கிற ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நேராக நின்றால் நீங்கள் தாங்க வேண்டிய பாரம் பூஜ்யம். 5 டிகிரி சாய்ந்தால் எட்டரை கிலோ. சின்ன அரிசிப் பை மாதிரி; தாங்கிவிடலாம். 10 டிகிரியில் 17 கிலோ. பல்லைக் கடித்துக்கொள்ளலாம். 30 டிகிரியில் ஏறக்குறைய 50 கிலோ! அரிசி மூட்டை மாதிரி. அதுவும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, பக்கவாட்டில் வளைந்தபடி.

இது கந்துவட்டிக் கணக்கு ஸார். ஆரம்பத்தில், "இவ்வளவுதானா?" என்று தோன்றும். நாலு எட்டு தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தால் வீடு ஜப்தி.

ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் நான் குப்பை கொட்டிய காலத்தில் பக்கத்து ஸீட் நண்பர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். புது 350. மாதத் தவணை மூன்றுதான் கட்டியிருந்தார். ஸீட்டில் ஒட்டிய பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஒரு மழை நாளில் பேஸ்மென்ட் சரிவில் இறங்கும்போது எதிரே கார் வந்ததால் பாதியில் நிறுத்தினார். இடது காலை ஊன்றிய இடத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர். கால் வழுக்கியது, வண்டி சாய்ந்தது. அப்படியே விட்டுவிட்டு விலகியிருக்கலாம். மனுஷன் விடவில்லை. ஹேண்டில்பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். 50 கிலோவுக்கு மேல் கட்டிப்பிடிக்க முடியாது என்பது வண்டிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வண்டிக்கும் தரைக்கும் நடுவில் கணுக்கால்.

சேதார விவரம்: வண்டிக்கு கிராஷ் கார்டில் ஒரு கீறல். அவருக்கு ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ, மூன்று மாதம் லீவு. அதில் பாதிக்கு மேல் சம்பளமில்லா லீவு. தவணை மட்டும் லீவு எடுக்காமல் வந்துகொண்டிருந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த மூன்று மாதத்துக்குள் திருக்கடையூரில் அவருடைய அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஒரே பையன். தம்பதிகள் உட்கார்ந்திருக்க, சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக விழுந்து நமஸ்காரம் பண்ணினார்கள். இவர் மாத்திரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டியபடி தூரத்திலிருந்து கும்பிட்டார். அப்பாவே எழுந்து வந்து இவர் தலையில் அட்சதை போட்டுவிட்டுப் போனார். "அன்னிக்குத்தான்டா வலிச்சுது" என்றார் என்னிடம்.

"ஏன் விடலை?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "செக்யூரிட்டி பார்த்துக்கிட்டிருந்தான்" என்றார்.

விஷயம் இதுதான். வண்டியைத் தாங்குவது கை இல்லை, கௌரவம். சாய்வு ஆரம்பிக்கும்போதே தொடையால் முட்டுக் கொடுத்து நிமிர்த்த முடிந்தால் நிமிர்த்துங்கள். அதைத் தாண்டிவிட்டதா? முதலில் காலை வெளியே இழுங்கள், அப்புறம் கையை விடுங்கள், ஒரு எட்டு தள்ளி நில்லுங்கள். லீவர் கடையில் கிடைக்கும். கணுக்கால் எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை.

அப்படி விட வேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் உத்தமம். மெக்கானிக் அண்ணனிடம் கேட்டது, பார்த்துத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் கீழே தருகிறேன். கட்டணம் கிடையாது.

முதல் எதிரி, தரை. நம் ரோடுகள் நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் இருக்கும். மழைத் தண்ணீர் வடிவதற்காக. சைடு ஸ்டாண்டு இருப்பது இடது பக்கம். போகிற திசையிலேயே ரோட்டின் இடது ஓரம் நிறுத்தினால் வண்டி ஸ்டாண்டின் மேல் நன்றாகச் சாய்ந்து உட்காரும். அதே வண்டியை எதிர்சாரியில் டீக்கடை முன்னால், வந்த மூக்கோடு நிறுத்துகிறீர்கள். இப்போது இடது பக்கம் மேடு. வண்டி பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விறைப்பாக நிற்கும். பார்க்க அழகுதான். ஒரு லாரி காற்று அடித்தால் போதும், வலது பக்கம் தொபுக்கடீர். வண்டி ரொம்ப நேராக நிற்கிறதா? சந்தேகப்படுங்கள். மனிதர்களிலும் இது பொருந்தும்.

சரிவில் நிறுத்தினால் மூக்கு மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். காரணம், சைடு ஸ்டாண்டு முன்பக்கமாக நீளும். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால் வண்டி அரை அடி உருண்டாலே ஸ்டாண்டு பின்னால் மடங்கிவிடும். ஆகவே மூக்கு மேலே, முதல் கியர், ஹேண்டில்பார் முழுக்க இடது பக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் வண்டி அசையாது.

மண் தரை இன்னொரு துரோகி. மழைக்காலத்தில் நிறுத்தும்போது கெட்டியாகத்தான் இருக்கும். நீங்கள் உள்ளே போய்க் கல்யாணச் சாப்பாட்டில் இரண்டாவது தடவை பாயசம் கேட்கிற நேரத்தில், வெளியே ஸ்டாண்டு கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கத்திரி வெயிலில் தார் ரோடும் இதே வேலையைச் செய்யும். பரிகாரம் சுலபம். ஸ்டாண்டுக்கு அடியில் ஓர் உடைந்த ஓடு, தட்டைக் கல், நசுக்கிய கூல்டிரிங்ஸ் டின் என்று ஏதாவது வையுங்கள். நான் ஸீட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு வைத்திருக்கிறேன். மனைவி அதைத் தேங்காய் உடைக்க எடுத்துப் போகாத நாட்களில் நன்றாக உபயோகப்படுகிறது.

மளிகைச் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் 25 கிலோ அரிசியை வைத்தால் பின்பக்க ஷாக் அப்ஸார்பர் அமுங்கும். வண்டி தாழும், ஸ்டாண்டு தாழாது. அதாவது ஸ்டாண்டு திடீரென்று நீளமானது மாதிரி. வண்டி நிமிரும், வலது பக்கம் கவிழும். மூட்டை ஏற்றுவதென்றால் சென்டர் ஸ்டாண்டுதான்.

சென்டர் ஸ்டாண்டு என்றதும் பல இளைஞர்களுக்கு இடுப்பு வலிப்பது தெரியும். வண்டியைக் கையால் தூக்கினால் வலிக்கத்தான் செய்யும். சமதளத்தில் ஸ்டாண்டைக் காலால் இறக்கி, அதன் இரண்டு பாதமும் தரையைத் தொட்டுவிட்டதா என்று பாருங்கள். பிறகு உங்கள் உடம்பு எடை முழுவதையும் அந்த மிதியில் ஏற்றுங்கள். கை சும்மா வழிகாட்டினால் போதும், வண்டி தானாகப் பின்வாங்கி ஏறிவிடும். வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடுகிற இடமென்றால் இந்தச் சிரமத்தைக் கட்டாயம் படுங்கள். நிற்கிற பைக்கைப் பார்த்தால் நாலு வயசுப் பையனுக்கு அது குதிரை. ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து ஏறப் பார்ப்பான். அவன் எடை 15 கிலோதான். அவன் மேல் விழுகிறது 112 கிலோ.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து வண்டி ஸ்டாண்டுகள் தனி உலகம். ஒரு சாண் இடைவெளியில் இருநூறு வண்டி நிற்கும். ஒருநாள் சாயங்காலம் அப்படி ஓர் இடத்தில் ஒருவர் தன் வண்டியை உருவி எடுக்க, பக்கத்து வண்டி சாய, அது அடுத்ததைத் தள்ள, சீட்டுக்கட்டு மாதிரி ஒரு வரிசையே படுத்ததைப் பார்த்தேன். பத்தாவது வண்டி என்னுடையது. பிரேக் லீவர் நுனி போனது. டோக்கன் கொடுத்தவர், "வண்டிக்கு நாங்க பொறுப்பில்லைனு பின்னாடி அச்சடிச்சிருக்கே ஸார்" என்றார். எறும்பு படிக்கிற எழுத்தில் அச்சடித்துத்தான் இருந்தது.

அன்றைக்கு ஒன்று கவனித்தேன். சைடு ஸ்டாண்டில் நிற்கிற வரிசை எப்போதும் வலது பக்கமாகவே சரியும். இடது பக்கம் சரிய விடாமல்தான் ஸ்டாண்டு இருக்கிறதே! ஆகவே வரிசையின் இடது கோடி பத்திரம். அங்கே ஒரு சுவரோ தூணோ இருந்து, அதை ஒட்டி இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பினால் கிடைக்கும்.

அடுத்து, உருட்டுகிற வேகம். சந்துக்குள் திருப்பும்போது, யூ டர்ன் போடும்போது, வாசலில் நுழையும்போது நடக்கிற வைபவம். ஹேண்டில்பார் வளைந்திருக்கிற நேரத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே மண்டியிடும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம்தான். ஆனால் நடை வேகத்தில் அது தலையிடாது. திருப்பும்போது கிளட்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு போங்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். குழியைப் பார்த்தால் வண்டி குழிக்கே போகும். நிற்பதற்கு முன்னால் ஹேண்டில்பாரை நேராக்கிவிடுங்கள். காலை ஊன்றும் முன் தரையை ஒரு பார்வை. மணல், டீசல், ஈர இலை, வழுவழு டைல்ஸ் நாலும் நம் நண்பருக்குப் பழக்கமானவை.

பின்னால் உட்காருகிறவரும் ஒரு பாரம்தான். வயசைக் கேட்கவில்லை, எடையைச் சொல்கிறேன். அவர் இடது ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து ஏறும்போது மொத்த எடையும் ஒரு பக்கம் விழுகிறது. நீங்கள் அப்போது ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தால் இருவரும் ஒன்றாகவே இறங்கலாம். இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, "ம், ஏறு" என்று சொன்ன பிறகே ஏற வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். நம் வீட்டில் நாம் போடக்கூடிய ஒரே சட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகும் ஒருநாள் விழும். அன்றைக்கு வண்டிக்குக் குறைவாக அடிபட என்ன வழி?

நல்ல கிராஷ் கார்டு ஒன்று. கனமான குழாயில், வண்டிக்கென்றே அளவெடுத்து, ஃப்ரேமில் உறுதியாக போல்ட் போட்டது. பிளாட்பாரத்தில் விற்கிற பளபளா குழாய் முதல் அடியிலேயே வளைந்து டேங்கைக் குத்தும். பக்கத்து ஸீட் நண்பரின் டேங்க் பிழைத்தது நல்ல கார்டினால்தான். இடது பின்பக்கம் இருக்கவே இருக்கிறது புடவை கார்டு. துணி சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. "ஸ்டைல் போச்சு" என்று அதைக் கழற்றிப் போடுகிறவர்கள் புடவைக்கும் துரோகம் செய்கிறார்கள், வண்டிக்கும் துரோகம் செய்கிறார்கள்.

மெக்கானிக் அண்ணன் சொன்ன ரகசியம் ஒன்று உண்டு. கிளட்ச், பிரேக் லீவர்களை ஹேண்டில்பாரில் பிடித்திருக்கிற கிளாம்ப்பை இரும்புப் பூட்டு மாதிரி முறுக்கக்கூடாது. ஓட்டும்போது அசையக்கூடாது, ஓங்கித் தட்டினால் சுழல வேண்டும். அந்த அளவு முறுக்கு. விழும்போது லீவர் ஒடியாமல் சுற்றிக்கொள்ளும். "வளைஞ்சு குடுக்கிறவன் ஒடிய மாட்டான் தம்பி" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று நெடுந்தூரம் போகிறவர்கள் ஒரு கிளட்ச் லீவரை ஸீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்தான். ராத்திரி பத்து மணிக்கு உளுந்தூர்பேட்டை பக்கத்தில் அதன் மதிப்பு தெரியும்.

"இன்ஷூரன்ஸ் இருக்கே?" என்பீர்கள். பி.காம். மூளையைக் கொஞ்சம் உபயோகிக்கிறேன். க்ளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் போனஸ். தொடர்ந்து ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம். ஒரு கண்ணாடிக்காகவும் இண்டிகேட்டருக்காகவும் க்ளெய்ம் போட்டால் இந்தப் படி மொத்தமும் சரிந்துவிடும். அதுவும் சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். சில்லறைச் சேதத்துக்குச் சொந்தப் பையே லாபம்.

விழுந்த வண்டியைத் தூக்குவதிலும் முதுகு போனவர்கள் உண்டு. முதலில் சாவியை ஆஃப் செய்யுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே நீட்டிவிடுங்கள்; நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழாமலிருக்கும். முடிந்தால் கியரில் போடுங்கள். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை ஸீட் விளிம்பில் அண்டக் கொடுத்து உட்காருங்கள். ஒரு கை ஹேண்டில்பாரில், மறு கை பின்னால் இருக்கிற கைப்பிடியில். முதுகு நேராக. பிறகு சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். தூக்குவது கால்தான், முதுகில்லை. ஆள் கிடைத்தால் கூப்பிடுங்கள். "ஸார், ஸ்டாண்டு" என்று கத்துகிற ஊரில் ஒரு கை பிடிக்க நாலு பேர் வராமலா போவார்கள்?

நிமிர்த்தியவுடன் செல்ஃபை அமுக்காதீர்கள். பெட்ரோல் வாடை அடிக்கிறதா, ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலரேட்டரைத் திருகி விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் முழுக்கத் திரும்ப வேண்டும். பிரேக்குகள் பிடிக்க வேண்டும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கவிழ்ந்தால் இன்ஜினை அணைக்கிற சென்ஸார் இருக்கும். ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பதறாமல் சாவியை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் சமாதானமாகிவிடும்.

ஆக, அடுத்த தடவை நிற்கிற வண்டி உங்கள் கையில் சாயும்போது இரண்டு விநாடிதான் கிடைக்கும். அதற்குள் செக்யூரிட்டி பார்க்கிறானா, பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண் சிரிக்கிறாளா என்று கணக்குப் பார்க்காதீர்கள். வண்டியின் விலை ரசீதில் இருக்கிறது. உங்கள் காலின் விலையை அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டால்தான் தெரியும்.

விட்டுவிடுங்கள் ஸார். சத்தம் பெரிதாகத்தான் கேட்கும்; சேதம் சின்னதாகத்தான் இருக்கும்.